தென்னந்தோப்புக்குள் ஏரோப்ளேன்!

திருப்பூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் என்னென்ன கிடைக்கும்?

நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டினார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்மணிகளும், இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. காங்கயம் பக்கம் படியூரில் வெள்ளைக்காரன் காலத்தில் தோண்டினார்கள். கடல் நிறத்தில் பெரில் கல் கிடைத்தது. திருப்பூருக்குள்ளேயே தோண்டினால்? ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர். அதுவும் 'மேலே சாயப்பட்டறையில் எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறதோ, அந்தக் கலரில் வரும்' என்று எங்கள் ஊர்க்காரர்களே ஜோக் அடிப்பார்கள். 2011-ல் ஹைகோர்ட் உத்தரவு போட்டு சாயப்பட்டறைகளை மூடியபோது அந்த ஜோக் எங்களுக்கே சிரிப்பு வரவில்லை.

மணி கிடைத்தது, கல் கிடைத்தது, கலர் தண்ணீர் கிடைத்தது. ஏரோப்ளேன்?

"கெடைக்குமுங்க தம்பி. ஒண்ணு ரெண்டு இல்ல. வரிசையா பொதைச்சு வெச்சிருக்கான் வெள்ளைக்காரன்" என்றார் நண்பர்.

நண்பருக்குத் திருப்பூரில் பனியன் வேஸ்ட் வியாபாரம். கட்டிங் டேபிளில் விழும் துண்டுத் துணியை எடை போட்டு வாங்கி, கலர்வாரியாகப் பிரித்து, மில்லுக்கு அனுப்புகிறவர். என்னைவிட ஏழெட்டு வயசு பெரியவர். பெயர் வேண்டாம். நான் பி.காம். முடித்துவிட்டு நாலு பனியன் கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக்கொண்டு, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கும் எழுதுகிறவன் என்பதால், பணம் சம்பந்தப்பட்ட எந்த யோசனை வந்தாலும் அவர் முதலில் என்னிடம்தான் வருவார்.

யோசனை இதுதான். சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் அவருடைய பூர்வீகத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வெள்ளைக்காரன் மூட்டை கட்டும்போது, புத்தம்புது விமானங்களைப் பெட்டியோடு அந்தப் பக்கம் புதைத்துவிட்டுப் போனான் என்று அவருடைய அப்பாரு சொல்லியிருக்கிறார். (கொங்குச் சீமையில் அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்றவர்.) இடம், அவர்கள் தோட்டத்து வேலியில் ஆரம்பித்து பக்கத்துத் தென்னந்தோப்பு வரை. தோப்புக்காரர் நாலு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் மூணு வருஷம் குத்தகைக்குத் தரத் தயார்.

"சீட்டை எடுத்துட்டேனுங்க. நீங்க ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் மட்டும் போட்டுக் குடுங்க."

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். டம்ளரை வைத்த சத்தமே சரியில்லை. "ஏனுங் தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க. அது புள்ளையோட காலேஜ் பீஸுக்குப் போட்ட சீட்டு" என்றார்.

நண்பர் அசரவில்லை. செல்போனில் ஒரு பழைய செய்தியைக் காட்டினார். 2015-ல் லண்டனில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் 31 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிருக்கிறது. அன்றைய கணக்கில் நம் பணம் முப்பது கோடி! அதைவிட முக்கியம், அந்த விமானம் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 1940 மே மாதம் பிரான்ஸில் கலே கடற்கரையில் இறங்கி, மணலுக்குள் முழுகி, நாற்பது வருஷம் கழித்து 1980-ல் தலைகாட்டிய விமானம். ரிப்பேர் செய்து 2011-ல் திரும்பப் பறக்கவும் விட்டுவிட்டார்கள்.

முப்பது கோடியை நாலு லட்சத்தால் வகுத்துப் பார்த்தவருக்குத் தூக்கம் வருமா? எனக்கே வரவில்லை ஸார். பழைய புத்தகம், பட்டாளத்துப் பதிவு என்று தேட ஆரம்பித்தேன்.

கிடைத்த முதல் ஆச்சரியம்: சூலூரில் ஒரு கப்பல் இருந்தது!

பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு விசித்திரப் பழக்கம். தரையில் கட்டிய தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைத்து, முன்னால் எச்.எம்.எஸ். என்று போட்டுக்கொள்வார்கள். கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தால் என்ன, கப்பல் கப்பல்தான். இந்தியப் பெருங்கடலில் ஜப்பான்காரனோடு மோதிய விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு, பழுது பார்க்கவும் உபரி விமானங்களை வைக்கவும் பத்திரமான இடம் தேவைப்பட்டது. 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் நாலு நாள் இடைவெளியில் குண்டு வாங்கிய பிறகு, கரையோரத்தில் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்க யாருக்குத் தைரியம் வரும்? மில்லும் பட்டறையும் நிறைந்த, ஆலைக்காற்றும் மலைக்காற்றும் வீசும் கோயமுத்தூர் தோதாக அமைந்தது.

கோவையில் இருந்த விமானப் பழுதுபார்ப்புத் தளத்தின் பெயர் எச்.எம்.எஸ். கருடா. சூலூரில் இருந்தது எச்.எம்.எஸ். வைரி. தாம்பரத்தில் எச்.எம்.எஸ். வல்லூறு. கொச்சியில் எச்.எம்.எஸ். கழுகு. எல்லாம் தமிழ்ப் பறவைகள்! அட்மிரல்கள் நிகண்டு படித்தார்களா, இல்லை கூட இருந்த குமாஸ்தா யாராவது எடுத்துக் கொடுத்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். வைரி என்றால் பருந்து வகையில் ஒன்று. பகைவன் என்றும் அர்த்தம் உண்டு. வெள்ளைக்காரன் தன் தளத்துக்குத் தானே 'பகைவன்' என்று போர்டு மாட்டியதைப் பார்த்து, 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் ஊறியிருந்த சூலூர்க்காரர்கள் மனசுக்குள் சிரித்திருப்பார்கள்.

1946-ல் கருடனும் வைரியும் கடையைக் கட்டின. பறவை ராசி மட்டும் இந்தப் பக்கத்தை விடவில்லை. நம் கடற்படை 1953-ல் கொச்சியில் திறந்த விமானத் தளத்துக்கு ஐ.என்.எஸ். கருடா என்று பெயர். 1961-ல் சூலூரிலேயே ஐ.என்.எஸ். ஹன்ஸாவைத் தொடங்கி, கோவா நம் கைக்கு வந்ததும் அந்த அன்னத்தை 1964-ல் அங்கே பறக்க விட்டார்கள். சூலூர் இப்போது விமானப்படையிடம். 2018 முதல் தேஜஸ் விமானங்கள் இங்கேயிருந்துதான் கிளம்புகின்றன. 2024 ஆகஸ்டில் பல நாட்டுக் கூட்டுப் பயிற்சி ஒன்று சூலூரில் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயினோடு பிரிட்டிஷ் விமானங்களும் வந்து இறங்கின. எழுபத்தெட்டு வருஷம் கழித்து விட்டுப்போன சாமானைத் தேடி வந்தானோ என்று நண்பருக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியதாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போர் முடிந்ததும் அந்த விமானங்கள் எங்கே?

இங்கேதான் பி.காம். கைகொடுத்தது. பிரிட்டிஷ் கடற்படை அந்தச் சமயம் பெரிதும் நம்பியிருந்த கார்ஸேர், ஹெல்கேட், அவெஞ்சர் எல்லாம் அமெரிக்கச் சரக்கு. 1941 மார்ச்சில் போட்ட 'லெண்ட் லீஸ்' சட்டப்படி வந்தவை. அதாவது, இரவல். போர் முடிந்தால் ஒன்று, திருப்பிக் கொடு. இல்லையா, காசு கொடு. அதுவும் இல்லையா, யாருக்கும் உபயோகம் இல்லாமல் அழித்துவிடு. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த கையோடு அமெரிக்கா இந்த ஏற்பாட்டையே நிறுத்தியது. பிரிட்டனிடம் காசு இல்லை. அமெரிக்காவுக்கோ பழைய விமானம் வேண்டாம், அவர்களிடமே குவிந்து கிடந்தது.

ஆர்டர் கேன்சலான எக்ஸ்போர்ட் சரக்கு மாதிரி! திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிராண்ட் லேபிள் தைத்த சரக்கை வெளியில் விற்கக் கூடாது என்று பையர் கண்டிஷன் போட்டுவிட்டால், நல்ல பனியனைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவதை இங்கே பார்த்திருக்கிறோம். அதையே பிரிட்டன் விமானத்துக்குச் செய்தது. உடைத்தார்கள். கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளினார்கள். ஆஸ்திரேலியக் கரையோரமும் இந்தியப் பெருங்கடலிலும் அப்படிப் போன விமானங்கள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு கார்ஸேரிலும் பதினெட்டு சிலிண்டர், இரண்டாயிரம் குதிரைசக்தி எஞ்சின். நம் கிணற்று மோட்டார் நானூறைச் சேர்த்துக் கட்டினால்தான் அந்த சக்தி. அத்தனையும் மீனுக்கு.

இவ்வளவும் சொன்னேன். நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடல் வரைக்கும் தூக்கிட்டுப் போறதுக்கு, இங்கியே குழி வெட்டிப் போடறது சல்லிசுதானுங்களே?" என்றார்.

கேள்வி நியாயமானது. அதனால் அவருக்கு பர்மா கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் விமானம் தேடுகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய கதை.

இங்கிலாந்தில் டேவிட் கண்டால் என்று ஒரு விவசாயி. விமானப் பைத்தியம். 1945-ல் ரங்கூன் மிங்கலடான் விமான நிலையத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்களைப் பிரிக்காத பெட்டியோடு, மெழுகுத்தாள் சுற்றி, கிரீஸ் தடவிப் புதைத்துவிட்டார்கள் என்று அவர் காதுக்கு வந்தது. முப்பத்தாறு என்றார்கள், பிறகு அறுபது என்றார்கள், அப்புறம் நூற்றைத் தாண்டிவிட்டது. (புதைத்த பொருள் மண்ணுக்குள்ளேயே குட்டி போடுவது புதையல் கதைகளின் லட்சணம்.) மனுஷர் பதினைந்து வருஷத்துக்கு மேல் கைக்காசைப் போட்டு பர்மாவுக்கும் இங்கிலாந்துக்குமாக அலைந்தார். சாட்சிகளைத் தேடினார். வயசான சிப்பாய்கள் 'ஆமாம், பார்த்தோம்' என்றார்கள். ராடார் வைத்துப் பார்த்ததில் பூமிக்குள் ஏதோ தெரிந்தது.

2012-ல் அவருக்கு சுக்கிரதசை. பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் பர்மா போனபோது, ஜனாதிபதி தெய்ன் செய்னிடம் இந்தப் பேச்சை எடுத்தார். வீடியோ கேம் கம்பெனியான வார்கேமிங், செலவை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. தொல்லியல் ஆட்கள், பூமிக்குள் பார்க்கும் கருவிகள், டி.வி. கேமரா சகிதம் 2013 ஜனவரியில் ரங்கூனில் இறங்கினார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தன.

வடக்கே மைட்கினாவில் ஒரு பெட்டி கிடைத்தது என்று சேதி. உள்ளே கேமராவை விட்டால் சேற்றுத் தண்ணீர். ரங்கூனில் தோண்டினால் மின்சார கேபிள். ஒரே மாசத்தில் வார்கேமிங் கையை விரித்துவிட்டது: 'இங்கே ஸ்பிட்ஃபயர் எதுவும் புதைக்கப்படவில்லை.'

எனக்குப் பிடித்த இடம் இதற்கப்புறம்தான். அந்தத் தொல்லியல் ஆட்கள் மண்வெட்டியோடு நிற்கவில்லை. லண்டன் ஆவணக் காப்பகத்தில் பழைய பேரேடுகளையும் புரட்டியிருந்தார்கள். 1945, 46 இரண்டு வருஷத்திலும் ரங்கூன் துறைமுகத்துக்கு வந்து இறங்கிய விமானங்களே மொத்தம் 37-தான். அதில் ஒன்றுகூட ஸ்பிட்ஃபயர் மாதிரித் தெரியவில்லை. வந்ததிலும் பெரும்பாலானவை 1946-லேயே திரும்ப ஏற்றுமதியாகிவிட்டன. போதாததற்கு, அந்த மழைக்காலத்தில் அத்தனை பெரிய பெட்டிகளைக் குழி வெட்டி இறக்க அங்கே இயந்திரமும் கிடையாது, மரமும் கிடையாது. வரவுப் பக்கத்தில் இல்லாத சரக்கு இருப்பில் எப்படி வரும்? ஒரு நல்ல கணக்குப்பிள்ளை முதல் நாளே முடித்திருக்க வேண்டிய வேலை ஸார் இது!

கண்டால் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. 'தப்பான இடத்தில் தோண்டினார்கள்' என்றார்.

இந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்கக் கூடாது. நண்பர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அதானுங்க நானும் சொல்றேன், இடம் முக்கியம். எங்க சின்ன அப்பாருக்கு இடம் தெரியும்!"

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சொந்தத் தோட்டத்து வேலியோரம் ஒருநாள் தோண்டிப் பார்ப்பது என்று ஒப்பந்தம். ஒன்றும் இல்லாவிட்டால் சீட்டுப் பணம் காலேஜுக்கு. வீட்டம்மா சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவருடைய டி.வி.எஸ். எக்ஸெல்லில் பின்னால் உட்கார்ந்தேன். முன்னால் கடப்பாரை, தூக்குப்போசி. திருப்பூரை விட்டு வெளியே வர வர, ஓவர்லாக் மெஷின் சத்தம் தேய்ந்து விசைத்தறிச் சத்தம் பிடித்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு விடாத தறிகள். பல்லடம் வந்தால் கோழி. தமிழ்நாட்டின் பாதி பிரியாணிக்கு இங்கேதான் பிள்ளையார் சுழி. காரணம்பேட்டை தாண்டி மெயின்ரோட்டை விட்டு இறங்கினால் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். தலைக்கு மேலே திடீரென்று காதைக் கிழித்துக்கொண்டு ஒரு போர் விமானம் போனது. "மேல போறது கவர்மெண்ட்டுது, கீழ இருக்கறது நம்முளுது" என்றார் நண்பர்.

கீழே இருப்பதும் நம்முளுது இல்லை என்று சட்டம் சொல்கிறது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் எதுவானாலும், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்! 1878-ல் அது பெரிய பணம். அதோடு, பழைய ராணுவச் சரக்கில் வெடிக்காத குண்டு இருந்தால் அது எண்பது வருஷம் ஆனாலும் வெடிக்கும். இதையெல்லாம் வண்டியிலேயே கத்திச் சொன்னேன். காற்றில் பாதி பறந்துவிட்டது.

சின்ன அப்பாருவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அப்பாருவின் கடைசித் தம்பி. கட்டுத்தரை ஓரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம், கண் கூர்மை.

"ஏனுங் அப்பாரு, ஏரோப்ளேனைப் பார்த்தீங்களா?"

"பார்க்காமப் பின்ன? பள்ளிக்கோடம் போவாம அதைத்தானே பார்க்கப் போவோம். எருமையை ஓட்டிட்டு அந்த முள்ளுக்கம்பி வரைக்கும் போயிருவோம். நிறுத்தி வெச்சிருப்பான் பாரு சாமி, கோழி றெக்கையை மடக்கிட்டுப் படுத்திருக்குமே, அந்தாட்ட. கிளம்பறப்போ விரிக்கும். அப்பறம்தான் கர்ர்ர்னு போவும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. றெக்கையை மடக்கும் விமானம் கடற்படை விமானம். கப்பலுக்குள் இடம் போதாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். கார்ஸேர், ஹெல்கேட், அவெஞ்சர் மூன்றுமே மடங்கும். இந்தக் கிழவர் எந்தப் புத்தகமும் படித்ததில்லை. சினிமாவில்கூட அவர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பத்துப் பன்னிரண்டு வயசில் எருமை மேல் உட்கார்ந்து பார்த்தது, எண்பது வருஷம் கழித்து அப்படியே வருகிறது.

அடுத்த கேள்வியை நண்பரே கேட்டார். "பொதைச்சதுங்க அப்பாரு?"

"அது உங்க அப்பாரு சொன்னான்."

"நீங்க பார்க்கலீங்களா?"

"நான் எங்க பார்த்தேன்? அவனும் பார்க்கலை. அவனுக்கு அவன் மாமன் சொன்னான். இந்த வேலியோரம்னுதான் சொன்னாங்க."

மிங்கலடானேதான்! பார்த்த ஆள் புதைத்ததைச் சொல்லவில்லை. புதைத்ததைச் சொன்ன ஆள் பார்க்கவில்லை.

ஜே.சி.பி. மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் வாடகை. டிரைவர் தம்பி ஒடிசாக்காரர், வந்த வேலை என்ன என்று தெரியாமலே உற்சாகமாக ஆரம்பித்தார். மேலே இரண்டடி கரிசல். அதற்குக் கீழே நாலடிக்குள் சுக்கான்பாறை. பக்கெட்டின் பல் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சம் போனால் வெடி வைக்காமல் நகராது. கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் தெரியும், இந்தச் சீமையில் பூமி அப்படித்தான். ஒரு கார்ஸேரின் உடம்பு முப்பது அடிக்கு மேல் நீளம். அதைப் பெட்டியோடு இறக்க வேண்டுமானால் குழி வெட்டக் கூடாது, குவாரி வெட்ட வேண்டும். கடலுக்குக் கொண்டுபோவதுதான் சல்லிசு. நண்பர் கேள்விக்கு மண்ணே பதில் சொல்லிவிட்டது.

மூன்றாவது குழியில் 'டங்' என்று ஒரு சத்தம்.

எல்லோரும் உறைந்து போனோம். நான் குண்டு என்று நினைத்துப் பத்தடி பின்னால் போனேன். நண்பர் முப்பது கோடி என்று நினைத்துப் பத்தடி முன்னால் போனார். டிரைவர் எஞ்சினை அணைத்தார். மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தால் துருப்பிடித்த இரும்பு. வளைவு. ரிவெட் அடித்த விளிம்பு! நண்பர் கை நடுங்கியது.

முழுசாக வெளியே எடுத்து வைத்தோம். தொட்டி மாதிரி ஒன்று. அடிப்பாகம் ஓட்டை. விமானத்தில் இது எந்த பாகம் என்று நாங்கள் வாதம் செய்துகொண்டிருக்கும்போது, சின்ன அப்பாரு கைத்தடி ஊன்றி மெதுவாக வந்தார். குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார்.

"அட, இது எங்கய்யன் கவலை எறைச்ச சால் ஆச்சே" என்றார்.

பம்ப்செட் வருவதற்கு முன்னால், மாட்டைப் பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த இரும்புச் சால். கரண்ட் வந்ததும் தூர்ந்த கிணற்றோடு போட்டு மூடியிருக்கிறார்கள். கிழவர் அங்கேயே மண்மேல் உட்கார்ந்துகொண்டார். எந்த மாடு, என்ன நிறம், அவர் அய்யன் விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து கவலை ஓட்டும்போது என்ன பாடுவார் என்று சொல்ல ஆரம்பித்தார். அரைமணி நேரம். ஜே.சி.பி. வாடகை மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நண்பர் நிறுத்தச் சொல்லவில்லை.

மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிடும்போது, 'அப்போ மண்ணுக்குள்ள ஏரோப்ளேன்ங்கறதே பொய்யா?' என்று கேட்டார். பொய்யில்லை. தேடுகிற காரணம்தான் வேறு.

அருணாசலப் பிரதேசத்து மலைகளில் போர்க்கால அமெரிக்க விமானங்கள் இன்னும் கிடக்கின்றன. அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டி சீனாவுக்குச் சரக்குக் கொண்டுபோன வழியில் நூற்றுக்கணக்கில் விழுந்தவை. 1944 ஜனவரி 25-ந் தேதி எட்டுப் பேரோடு காணாமல் போன ஒரு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தை, கிளேட்டன் கூல்ஸ் என்கிற அமெரிக்கர் உள்ளூர் ஆட்கள் வழிகாட்ட மலையேறிப் போய் 2006-ல் கண்டுபிடித்தார். 2015-ல் அமெரிக்க அரசாங்கத்தின் ஆட்கள் வந்து, ஒன்பதாயிரம் அடி உயரத்தில் கூடாரம் போட்டுத் தோண்டினார்கள். இந்த வேலையில் மண்ணை அள்ளிக் கொட்டுவதில்லை. சல்லடையில் போட்டு அலசுகிறார்கள். தேடுவது எஞ்சினை அல்ல. ஒரு பல், ஒரு விரல் எலும்பு, ஒரு பட்டன். கிடைத்ததை வைத்து அந்த எட்டுப் பேரில் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு என்கிற லெப்டினண்ட்டை அடையாளம் கண்டு, 2017-ல் ஜார்ஜியாவில் அவருடைய ஊரில் அடக்கம் செய்தார்கள். எழுபத்து மூன்று வருஷம் கழித்து. இப்படிக் கிடைத்த பாகங்களுக்காகவே பாசிகாட்டில் 2023-ல் ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள்.

நண்பர் சோற்றுக் கையோடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, வியாபாரி அல்லவா, "காசுக்காகத் தேடி யாருக்குமே கெடைக்கலீங்களா?" என்றார்.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அது நம் கதை. போர் முடிந்து வெள்ளைக்காரன் போகும்போது கான்பூரில் லிபரேட்டர் விமானங்களைக் குவித்து, யாரும் ஓட்டக் கூடாதென்று புல்டோசரால் இடித்து, எஞ்சினில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனான். 1948-ல் பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். இதிலிருந்து ஒரு சக்கரம், அதிலிருந்து ஒரு எஞ்சின் என்று பொறுக்கிச் சேர்த்து, ஏதோ பறக்கும் அளவுக்கு ஒப்பேற்றி, பெங்களூருக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள்! நம் விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. அதற்கப்புறம், தங்களிடம் நல்ல லிபரேட்டர் இல்லாத வெளிநாட்டு மியூசியங்களெல்லாம் வந்து நம்மிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போயின. லண்டன் மியூசியத்துக்குப் போனதும் அதில் ஒன்று.

"வேஸ்ட் வியாபாரமுங்க அது. சுத்தமான வேஸ்ட் வியாபாரம்" என்றார் நண்பர் மரியாதையோடு. முதல் தடவையாக அன்றைக்கு அவர் முகம் தெளிந்தது.

சாயங்காலம் குழிகளை மூடினோம். டிரைவர் தம்பிக்குக் காசு கொடுத்தோம். தோப்புக்காரருக்கு அங்கேயே போன் போட்டு, "இந்த வருஷம் வேண்டாமுங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். நான் பார்க்கவே சொன்னார். வீட்டம்மாவிடம் நான்தான் சாட்சி.

சாலை மட்டும் விடவில்லை. எக்ஸெல்லின் முன்னால் கடப்பாரையோடு சேர்த்துக் கட்டினார். பல்லடத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, பழக்கதோஷத்தில் அதை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தார்.

"பதினஞ்சு கிலோ நிக்கும். இரும்பு வெலைக்குப் போட்டாக்கூட பத்து ரூவாய்க்கு மேல வருமுங்களே தம்பி. கலெக்டராபீஸுக்கு மனு எழுதோணுமா?"